கழற்றிய முகம்

பழைய கைமணிக்கூடு சேர்ப்பவன் வீட்டுக்குப் போனால் உங்கள் மணிக்கூட்டை அவனிடம் கழற்றிக் கொடுக்காதீர்கள். இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. இருபது வருடமாக நானே அந்த வேலையைச் செய்துவருகிறேன். பஸ்ஸில் நிற்பவரின் முகத்தை நாங்கள் பார்க்கமாட்டோம், கம்பியைப் பிடித்திருக்கும் கையைத்தான் பார்ப்போம். செத்தவீட்டில் துக்கம் விசாரிக்கும்போதும், செத்தவர் கட்டியிருந்தது இப்போது எந்த அலுமாரிக்குள் கிடக்கும் என்று யோசனை ஓடும். வெட்கம் கெட்ட பிறவிகள்.

பகலில் நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் கருவிகள் திருத்துகிறவன். பின்னேரங்களில் வீட்டு முன்னறை மேசையில் மணிக்கூடு திருத்துவேன். சாவி கொடுத்து ஓடுபவை மட்டும்தான். பற்றரி போட்டதைத் தொடமாட்டேன். யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை, அதைப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன். ஆனால் என் அலுமாரியில் நாற்பத்திரண்டு மணிக்கூடுகள் இருந்தன. அவற்றில் அரைவாசி எப்படி வந்ததென்று யாரும் கேட்கவில்லை. "இது இனி ஓடாது. வேணுமெண்டா இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ" என்பேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் புதிது அனுப்பியிருப்பார்கள். ஆட்கள் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். ஓடாது என்று நான் சொன்னவற்றில் பல ஓடக்கூடியவைதான்.

குருநகரிலிருந்து அந்த மனிதர் வந்தது ஒரு சனிக்கிழமை. அறுபது வயதிருக்கும். கடல்தொழில், சொந்தமாக ஒரு போட். ஒரு கையில் பொலித்தீன் பைக்குள் விளைமீன், சட்டைப் பைக்குள் லேஞ்சித் துணியில் சுற்றிய மணிக்கூடு. அது அவருடைய அண்ணனின் மணிக்கூடு. அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் நோய் வருத்தத்தில் இறந்துபோனார். இப்போது அண்ணனின் மகளுக்குக் கலியாணம். மாதா கோயிலுக்குள் போவதற்கு முன் மாப்பிள்ளையின் கையில் இதைக் கட்டிவிட வேண்டுமென்பது அண்ணியின் ஆசை.

"தகப்பன் இல்லாத பிள்ளை. சித்தப்பன் நான்தான் கையிலை பிடிச்சுப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றார். "அண்ணை கடலுக்கை போற நாளெல்லாம் இதைத்தான் கட்டுவர். எப்பிடியும் ஓடப்பண்ணித் தாங்கோ தம்பி."

அவர் பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. லேஞ்சி விரிந்ததும் மேசை விளக்கைக் கிட்ட இழுத்தேன். கறுப்பு டயல். வெயில் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் கோப்பிக் கொட்டையின் நிறத்துக்கு மாறியிருந்தது. எழுத்துகள் தேன் நிறம். ஆறுக்கு மேலே, வினாடி முள்ளுக்கென்று ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்தின் விளிம்பில் கடுகளவு ஒரு பொரிவு. யாரும் தொட்டுப் பூசாத முகம். அதே மணிக்கூடு என்னிடமும் ஒன்று பதினைந்து வருடமாக இருக்கிறது. ஆனால் என்னுடையதின் டயலை எப்போதோ எவனோ பளபளவென்று கறுப்புப் பூசி, தடித்த வெள்ளை எழுத்துப் போட்டுக் கெடுத்திருந்தான். பார்க்கும் போதெல்லாம் எரிச்சல் வரும்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அதை நான் சொல்லியே ஆகவேண்டும். உப்பு ஏறி இறுகிய பின்மூடியை இரண்டு நாள் எண்ணெய் விட்டு இளக்கினேன். சில்லு சில்லாகக் கழற்றிக் கழுவினேன். துருப்பிடித்த சாவித்தண்டுக்கு என் பெட்டியிலிருந்தே வேறொன்று போட்டேன். ஊசி நுனியால் எண்ணெய் தொட்டேன். மூன்றாம் நாள் பின்னேரம் அது ஓடத் தொடங்கியது, குழந்தைப் பிள்ளையின் நாடி போல வேகமாக. நல்லவனாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன்.

நான் என் மணிக்கூட்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே எந்திரம். டயலின் பின்புறம் இரண்டு சிறு கால்கள் இருக்கும், பக்கத்தில் இரண்டு திருகாணி. தளர்த்தினால் முகம் தனியாக வந்துவிடும். அவருடைய முகத்தை என்னுடையதில் வைத்தேன். என்னுடைய பூச்சு முகத்தை அவருடையதில் வைத்தேன். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. இவர்களுக்குப் பளபளப்புத்தான் பிடிக்கும், இதன் அருமை எங்கே தெரியப்போகிறது, என்னிடம் இருந்தாலாவது பத்திரமாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திருடுகிறவனுக்குக் காரணமா இல்லை?

"பழைய டயல் உப்புப் பிடிச்சு உக்கிப்போச்சு அண்ணை. வேறை ஒண்டு போட்டிருக்கிறன்" என்று அடுத்த சனிக்கிழமை அவரிடம் கொடுத்தேன்.

"புதுசு மாதிரியெல்லோ கிடக்கு!" என்று மனிதர் வாயெல்லாம் பல்லாக நின்றார். அடுத்த நாள் காலையில் நண்டு கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நண்டுக் கறியையும் சாப்பிட்டேன், இரண்டாம் தரமும் போட்டு.

அதற்குப் பிறகு செய்ததுதான் விசர் வேலை. அந்த மணிக்கூட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். ஆனால் கட்டாமல் வைத்திருப்பதற்கு எதற்கு மணிக்கூடு? ஒவ்வொரு நாளும் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "புதுப் பொம்பிளையைப் பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறியள்" என்று மனைவி பகிடி பண்ணினாள். அவளுக்கு விசயம் தெரியாது.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து வாசல் படலையைத் திறந்தேன். விறாந்தைக் கதிரையில் அவர் இருந்தார். மனைவி கொடுத்த தேத்தண்ணி குடிக்காமல் ஆறிக்கிடந்தது. நான் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை, என் இடக்கையில் அவருடைய அண்ணனின் முகம். பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு விரலால் மணிக்கூட்டை உள்ளங்கைப் பக்கம் திருப்பினேன்.

"தம்பி, அண்ணி இது தன்ரை மனுசன்ரை இல்லையெண்டு சொல்லிப்போட்டா" என்றார். லேஞ்சியைப் பிரித்துப் பளபளக்கும் மணிக்கூட்டை வைத்தார். "நான் அதை ஆருக்கோ வித்துப்போட்டு வேறை ஒண்டைக் கொண்டுவந்து குடுத்திட்டனாம். ஒரு கிழமையா என்னோடை கதையில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு அவளின்ரை மாமனைக் கேட்டிருக்கிறா. வாற புதன் கலியாணம்."

நான் வேறு கதிரையில் இருக்கவும் இல்லை, பையைக் கீழே வைக்கவும் இல்லை.

"பிழை என்னிலைதான்" என்றார் அவர். "எங்கடை எஞ்சின் பாக்கிறவர் கழட்டின வாசரைக்கூடப் பொலித்தீனிலை போட்டுக் கையிலை தருவர். என்ன சாமான் மாத்தினாலும் பழசைக் கேட்டு வாங்கிறதுதான் கடற்கரையிலை எங்கடை வழக்கம். அண்டைக்குச் சந்தோசத்திலை உங்களிட்டைக் கேக்க மறந்திட்டன். அந்தப் பழைய முகத்தைத் தாங்கோ தம்பி. உக்கினதெண்டாலும் பறவாயில்லை. கொண்டுபோய் அண்ணியின்ரை கண்ணுக்கு முன்னாலை வைச்சிட்டனெண்டாச் சரி."

எனக்கு அந்த வழக்கம் தெரியாதா? என் மோட்டார் சைக்கிளுக்குப் பிளக் மாற்றினாலும் பழையதை வாங்கிப் பையில் போடுகிறவன் நான். அவர் கேட்காமல் போனது என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

"அதை எறிஞ்சிட்டன் அண்ணை" என்றேன்.

"எங்கை எறிஞ்சனீங்கள்?"

"பின்னுக்கு. குப்பைக் கிடங்குக்குள்ளை."

அத்தோடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். கடலில் கைநழுவிப் போன வலையைத் தேடி நாள்கணக்காக அலைகிற மனிதர் குப்பைக்கு அஞ்சுவாரா? எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார். "எட்டு நாள்தானே. எரிக்கேல்லைத்தானே?" என்று மனைவியைக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டி, குப்பை வாரும் விறாண்டியையும் எடுத்துக் கொடுத்தாள்.

வேலியோரம் முழங்கால் ஆழக் கிடங்கு. தேங்காய்ச் சிரட்டை, மீன் செதில், உடைந்த போத்தல், பொலித்தீன். அவர் குந்தியிருந்து ஒவ்வொரு பிடியாக அள்ளி, விரித்து, விரல்களால் பிரித்துப் பார்த்துப் பக்கத்தில் போட்டார். நான் தோளில் கிடந்த துவாயை இடக்கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் குனிந்து வலக்கையால் இரண்டு பிடி நானும் கிளறினேன். இல்லாத ஒன்றைத் தேடுகிற மாதிரி நடிப்பது அவ்வளவு இலகுவான வேலை இல்லை. துவாய்க்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கும் என்று பயந்தேன். கேட்காது என்று புத்திக்குத் தெரியும், இருந்தும் துவாயை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"எவ்வளவு பெரிசு தம்பி? ஒரு ரூவாக் குத்தியளவு வருமோ?"

"ஓம். கொஞ்சம் பெரிசு."

"வடிவாப் பாத்தா அம்பிடும்."

அப்போது குசினி வாசலில் நின்ற மனைவி, ஒன்றும் அறியாமல், "இஞ்சருங்கோ, உங்கடை மணிக்கூட்டிலை ஊத்தை படப்போகுது. கழட்டி வைச்சிட்டுத் தேடுங்கோவன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து என் துவாயைப் பார்த்தார். "ஓம் தம்பி, கழட்டி வையுங்கோ. நல்ல சாமானெல்லாம் ஊத்தையாகிப்போம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்தார்.

உள்ளே போய் முன்னறைக் கதவைச் சாத்தி மணிக்கூட்டைக் கழற்றினேன். கதிரையில் இருந்தேன். இப்படியே இருந்துவிடலாம், மனிதர் களைத்துப் போய்விடுவார், புதன்கிழமை மாமன் கூட்டிக்கொண்டு போகட்டும், என் குடியா மூழ்கப்போகிறது என்றுகூட நினைத்தேன். பின்பக்கமிருந்து "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். போத்தல் ஓடு விரலை வெட்டியிருந்தது. அவர் இரத்தத்தை உதறி, மணிக்கூடு சுற்றிக் கொண்டுவந்த அதே லேஞ்சியால் விரலைக் கட்டினார். மனைவி மருந்து கொண்டுவருவதாகச் சொன்னதை வேண்டாம் என்றார். திரும்பவும் கையைக் குப்பைக்குள் விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. இரக்கத்தால் என்று சொன்னால் பொய். என்னிலே எனக்கு வந்த அருவருப்புத்தான். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தேன். பதற்றத்தில் முள்ளைத் தூக்கும்போது வினாடி முள் தெறித்து எங்கேயோ போய்விட்டது. அதைத் தேட நேரமில்லை. இரண்டு திருகாணியையும் தளர்த்தி டயலைச் சாவணத்தால் தூக்கிக் கடுதாசியில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணை, இந்தா கிடக்கு! மேசை லாச்சிக்குள்ளை கிடந்திருக்குது. எறிஞ்சதெண்டு மாறி நினைச்சிட்டன்."

அவர் கிணற்றடியில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். வெட்டுப்படாத கையால் கடுதாசியோடு வாங்கினார். வெயிலுக்குப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "மாதாவே" என்றார். கண் கலங்கியது. பிறகு, "உக்கினதெண்டு சொன்னீங்கள்?" என்றார்.

நான் முன்னறைப் பக்கம் திரும்பினேன்.

"பறவாயில்லை. இதையே திரும்பப் பூட்டித் தாங்கோ. ஓடுதெல்லே, அது காணும்."

என் பின்னாலேயே முன்னறைக்கு வந்தார். அவசரத்தில் மேசையை ஒதுக்காமல் ஓடியிருக்கிறேன். அங்கே என் மணிக்கூடு முகமில்லாமல் கிடந்தது. பல்லுச் சில்லுகள் வெளியே தெரிய, பக்கத்தில் இரண்டு முள், கட்டியிருந்த கையின் வளைவு மாறாத தோல்வார். அவர் அதைப் பார்த்தார். பிறகு என் இடக்கையைப் பார்த்தார். வெயில் படாமல் வெளுத்த பட்டி மணிக்கட்டைச் சுற்றிக் கிடந்தது. நான் கையை மேசைக்குக் கீழே விட்டேன். பயனில்லை.

அவர் எதிரே கதிரையை இழுத்து இருந்தார். நான் அவருடைய மணிக்கூட்டைத் திறந்து, பூச்சு முகத்தைக் கழற்றி, அண்ணனின் முகத்தை வைத்து, திருகாணி இறுக்கி, முள் வைத்தேன். இருபது நிமிடம். எந்தப் பரீட்சை மண்டபத்திலும் நான் அப்படி வேர்த்ததில்லை. முடிந்ததும் அவர், கழற்றி வைத்த பூச்சு முகத்தை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இதை அதுக்குப் போடுங்கோ தம்பி" என்று முகமில்லாததைக் காட்டினார். "அதுக்கும் ஒரு முகம் வேணுமெல்லோ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கன்னத்தில் ஒன்று போட்டிருந்தாலும் பரவாயில்லை. "வெளிக்கிடுங்கோ, வீட்டை போவம். நான் தனியக் கொண்டுபோனா அண்ணி நம்பமாட்டா" என்றார்.

அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் பலாலி வீதியால் போனேன். வழியெல்லாம் அவர் அங்கே போய் என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் யோசனை. என் பெயர் கடற்கரை முழுக்க நாறும், பிறகு வேலை செய்யும் கம்பஸுக்கும் வரும், மனைவிக்குத் தெரியும். அவர் வழியில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பிடிச்சிருங்கோ, பள்ளம் வருது."

கலியாண வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த வாசனை தெருவரைக்கும் வந்தது. அண்ணி முன்விறாந்தையில் இருந்து தட்டில் பலகாரம் எண்ணிக்கொண்டிருந்தா. மெலிந்த உடம்பு, நூல் கட்டிய கண்ணாடி. மச்சானைக் கண்டதும் முகத்தைத் திருப்பினா. அவர் மணிக்கூட்டை நீட்டினார். வேண்டாவெறுப்பாக வாங்கிய கை நடுவழியில் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வினாடி வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த பொரிவை நகத்தால் மணிக்கூட்டுக் கண்ணாடிக்கு மேலாகத் தடவினா. சாவி கொடுத்தா. காதில் வைத்தா.

"இது அவரின்ரைதான்" என்றா. "அவர் கடலுக்குப் போக முந்தி முப்பது வருசமா நான்தானே சாவி குடுத்தனான். எனக்குத் தெரியாதோ?" பிறகு மச்சானை நேரே பார்த்தா. "எங்கை கிடந்தது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இவர் பழைய முகத்தை லாச்சிக்கை மறந்துபோய் வைச்சிட்டாராம் அண்ணி. இப்பத்தான் எடுத்துப் பூட்டித் தந்தவர்."

என்னைக் காப்பாற்றிவிட்டார். என் நெஞ்சுக்குள் இறுகியிருந்தது அவிழ்ந்தது. அதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

"அப்ப கையிலை என்ன காயம்?"

"குப்பைக்கை தேடேக்கை போத்தல் வெட்டினது."

"லாச்சிக்கை கிடந்ததைக் குப்பைக்கை ஏன் தேடினனீர்?"

அவர் விரலில் கட்டியிருந்த லேஞ்சியை இறுக்கினார். நல்ல மனிதர்களுக்குப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. ஒரு பொய்க்கு மேல் அடுக்கத் தெரியாது.

"எனக்கு எல்லாம் விளங்குது" என்றா அண்ணி. குரல் உயரவில்லை. "இவருக்குத்தான் வித்தனீர். கலியாணம் கிட்டவர, சனம் கதைக்கப்போகுதெண்டு திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர். செத்த மனுசன்ரை சாமானை வித்த கையாலை நீர் என்ரை பிள்ளையைப் பிடிக்கப்படாது, தம்பி. மாமன் கூட்டிக்கொண்டு போகட்டும்."

அவர் தலை குனிந்தார். கட்டிய விரலில் லேஞ்சி சிவந்திருந்தது. இப்போதும் என்னைக் கைகாட்டவில்லை. ஒரு சொல் சொன்னால் போதும், சொல்லவில்லை. வெளியே ஓடிப்போகத்தான் எனக்கு வந்தது. படியில் ஒரு காலையும் வைத்துவிட்டேன்.

"அவர் விக்கேல்லை அக்கா" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "லாச்சிக்கையும் கிடக்கேல்லை, குப்பைக்கையும் கிடக்கேல்லை. நான்தான் களவெடுத்தனான். எட்டு நாளா என்ரை கையிலை கிடந்தது. அவர் குப்பை கிளறேக்கையும் கையிலைதான் கிடந்தது."

பலகாரத் தட்டில் இலையான் மொய்த்தது. யாரும் கலைக்கவில்லை. அண்ணி மச்சானின் விரலைப் பார்த்தா, என் மணிக்கட்டைப் பார்த்தா.

"தம்பி," என்றா. என்னை இல்லை, அவரை. "கலியாணத்துக்குக் கோட்டுத் தைச்சு முடிஞ்சுதோ?"

"நான் குடுக்கேல்லை அண்ணி. எனக்கு இனி எதுக்கெண்டு விட்டிட்டன்."

"இண்டைக்கே போய் அளவு குடும். புதனுக்குள்ளை தரச் சொல்லும். இப்ப உள்ளை வந்து அந்தக் கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடும்." அவர் செருப்பைக் கழற்றி உள்ளே போனார். வாசலில் நின்று ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, நன்றியா, என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கு யாரும் கதிரை காட்டவில்லை. எந்த வீட்டிலும் வந்தவனுக்குத் தண்ணியாவது வரும். நான் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

"நில்லுங்கோ" என்றா அண்ணி. மணிக்கூட்டை இரண்டு கையாலும் பொத்தி மடியில் வைத்திருந்தா. "உங்களிட்டை இன்னும் எத்தினை பேரின்ரை மணிக்கூடு கிடக்குது?"

நாற்பத்திரண்டு என்று நாக்கு நுனிவரை வந்தது. அவை எல்லாம் என்னுடையவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.